கொரியர்ல போன கொலு பொம்மை, ஒரு பெட்டி காணோம், ஒரு பெட்டி உடைஞ்சிருக்கு, க்ளெய்ம் எப்படி போடறது?

பொம்மைவீடு_கடலூர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் திருப்பாப்புலியூர். பண்ருட்டில பொம்மை செய்யறவங்ககிட்ட நேரா போய் வாங்கி வீட்லருந்தே வித்துட்டு இருக்கேன், எனக்கு வருமானமே இதுதான், நவராத்திரிக்கு முன்னாடி ரெண்டு மாசம் ஓடினா தான் வருஷம் ஓடும். புனேல ஒரு கஸ்டமருக்கு ரெண்டு பெட்டி கொரியர்ல அனுப்பினேன், ரெண்டுக்கும் தனித்தனி ரசீது. முதல் பெட்டில காகிதக்கூழ் தசாவதாரம் செட், பில் 5,200, கொரியர் சார்ஜ் 410. ரெண்டாவது மண்ணுல செஞ்ச அஷ்டலட்சுமி, பில் 3,800, வெயிட் ஜாஸ்திங்கறதால சார்ஜ் 460.

தசாவதாரம் பெட்டி 23 நாளா ஒரே ஊர்ல நிக்குது, டிராக்கிங்ல "ஹப்ல இருக்கு"ன்னே காட்டுது, போன் பண்ணா "ரெண்டு நாள் பாருங்க மேடம்"ங்கறாங்க, இந்த ரெண்டு நாளை ஏழெட்டு தடவை கேட்டாச்சு. அஷ்டலட்சுமி போய் சேர்ந்துச்சு ஆனா 8 பொம்மைல 3 உடைஞ்சிருக்கு, கஜலட்சுமிக்கு கழுத்தே இல்ல. அந்த போட்டோவை பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல. அதை செஞ்ச அம்மாவுக்கு 60 வயசுக்கு மேல ஆகுது, கண்ணு வரையறதுக்கு மட்டும் ஒரு பொழுது உக்காருவாங்க.

கஸ்டமருக்கு முழு பணத்தையும் திருப்பி குடுத்துட்டேன், அவங்க மேல தப்பு இல்ல. இப்ப கொரியர்காரங்ககிட்ட க்ளெய்ம் கேட்டா "நீங்க இன்சூரன்ஸ் போடலயே, அப்ப 500 தான் வரும்"ங்கறாங்க. ரசீதை எடுத்து பாத்தா தசாவதாரம் ரசீதுல மதிப்பு 500னு கவுண்ட்டர்ல இருந்த பையனே போட்டிருக்கான், இன்னொன்னுல அந்த கட்டம் காலியா கிடக்கு. நான் பில் காப்பியை ரெண்டு பெட்டி மேலயும் ஒட்டித்தான் குடுத்தேன். எனக்கு இதுல எதாவது கிடைக்குமா, எப்படி எழுதணும், யாருக்கு எழுதணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். கொரியர் பேரை இங்க போட விரும்பல.

லாஸ்பேட்டை_டிஸ்பேட்ச்:

அக்கா, நான் பாண்டில மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனில டிஸ்பேட்ச் பாக்கறேன், 11 வருஷமா இதே வேலை, உடைஞ்ச பெட்டி நெறைய பாத்தாச்சு.

முதல்ல ஒன்னு கேக்கறேன், அந்த புனே கஸ்டமர் வெளி அட்டைப்பெட்டியை வெச்சிருக்காங்களா? தூக்கி போட்டுருந்தா பாதி கேஸ் போச்சு. க்ளெய்ம் பாக்க வர்றவன் பொம்மையை அப்புறம் தான் பாப்பான், பேக்கிங் எப்படி இருந்துச்சுன்னு தான் முதல்ல கேப்பான். "உங்க பேக்கிங் சரியில்ல"ன்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. அட்டையோட ஆறு பக்கமும் போட்டோ, நசுங்கின மூலை கிட்டக்க ஒரு போட்டோ, லேபிள் நம்பர் தெரியற மாதிரி ஒன்னு, உள்ள என்ன அடைச்சிருந்தீங்கன்னு ஒன்னு, இதெல்லாம் இன்னைக்கே வாங்கிடுங்க.

அடுத்தது டெலிவரி. கஸ்டமர் ஓடிபி சொல்லிட்டு வாங்கிட்டாங்கன்னா சிஸ்டம்ல "நல்ல கண்டிஷன்ல டெலிவரி"ன்னு விழுந்துடும். பெட்டி நசுங்கி வந்தா வாங்கறப்பவே டெலிவரி சீட்டுல "பெட்டி சேதம்"னு கையால எழுதி டெலிவரி பையன் கையெழுத்து வாங்கணும், சீட்டே இல்லன்னா அவன் நிக்கறப்பவே போட்டோ எடுத்து அங்கேயே கஸ்டமர் கேருக்கு மெயில் போடணும். எங்க கம்பெனில வாங்கறவங்களுக்கு இதை முன்னாடியே வாட்ஸ்அப்ல அனுப்பிடுவோம், நீங்களும் அப்படி செய்ங்க.

இன்சூரன்ஸ் பத்தி. கொரியர்ல புக் பண்றப்ப ஓனர் ரிஸ்க், கேரியர் ரிஸ்க்னு ரெண்டு இருக்கும், ஓனர் ரிஸ்க்னா நஷ்டம் அனுப்பறவங்க தலைல, கேரியர் ரிஸ்க்னா கொரியர்காரன் தலைல, அதுக்கு மதிப்புல ஒரு சின்ன சதவீதம் எக்ஸ்ட்ரா கட்டணும், நாம கேக்கலன்னா ஓனர் ரிஸ்க்ல தான் போட்டு விடுவாங்க. எக்ஸ்ட்ரா கட்டினாலும் உடையற சாமான் விஷயத்துல நெறைய இடத்துல தொலைஞ்சா மட்டும் தான் பணம், உடைஞ்சா இல்லன்னு கண்டிஷன் இருக்கும், அதனால புக் பண்றதுக்கு முன்னாடி மண் பொம்மைன்னு சொல்லி பிரேக்கேஜ் கவர் ஆகுமான்னு மெயில்லயே கேட்டு வாங்கிக்கோங்க. நாங்க கம்பெனி பேர்ல தனியா டிரான்சிட் பாலிசி, அதாவது வழில போற சரக்குக்கான இன்சூரன்ஸ், வெச்சிருக்கோம், அதுக்கு க்ளெய்ம் போடும்போது கொரியர்காரன்கிட்டருந்து "சரக்கு தொலைஞ்சது உண்மை" இல்லன்னா "சேதமானது உண்மை"ன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கணும், எங்க பாஷைல சிஓஎப். அது இல்லாம இன்சூரன்ஸ் கம்பெனி பைலையே தொடாது. உங்ககிட்ட பாலிசி இல்லன்னாலும் அதை கேளுங்க, எழுத்துல "தொலைஞ்சு போச்சு"ன்னு அவங்களே குடுத்துட்டா அப்புறம் "ரெண்டு நாள் பாருங்க"ன்னு சொல்ல முடியாது.

நெல்லிக்குப்பம்_ரைடர்:

இதெல்லாம் வேஸ்ட் அக்கா. எனக்கும் ஒரு மொபைல் தொலைஞ்சு போச்சு, ஆறு மாசம் அலைஞ்சேன், ஒத்த பைசா வரல. விட்டுட்டு அடுத்த ஆர்டரை பாருங்க.

மஞ்சக்குப்பம்_வக்கீல்:

தம்பி, ஆறு மாசம் போன்ல அலைஞ்சீங்களா, எழுத்துல நோட்டீஸ் குடுத்தீங்களா? நெறைய பேர் தோக்கற இடமே இதுதான், அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன்.

கொரியர் கம்பெனி சட்டப்படி ஒரு காமன் கேரியர், அதாவது காசு வாங்கிட்டு எல்லாருக்கும் பொதுவா சரக்கு கொண்டு போறவங்க. கேரேஜ் பை ரோடு ஆக்ட் 2007ல கொரியர் ஏஜென்சியையும் சேர்த்தே டெபனிஷன் குடுத்திருக்காங்க, அரசாங்கம் மட்டும் அதுல வராது. அந்த சட்டத்தோட 16வது பிரிவுப்படி, சரக்கு தொலைஞ்சாலோ சேதமானாலோ புக் பண்ண தேதிலருந்து 180 நாளுக்குள்ள எழுத்து மூலமா நோட்டீஸ் குடுக்கணும், குடுக்கலன்னா கேஸே போட முடியாது. டெலிவரி தேதிலருந்து இல்ல, புக் பண்ண தேதிலருந்து, இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. "ரெண்டு நாள் பாருங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா அந்த 180 நாள் தானா ஓடிடும். கஸ்டமர் கேர்ல வாங்கின டிக்கெட் நம்பரை நம்பி இருக்காதீங்க.

கேஸ் போட்டா அவங்க அலட்சியத்தால தான் தொலைஞ்சதுன்னு நாம நிரூபிக்கணும்னு இல்ல, இது அந்த சட்டத்துல நமக்கு இருக்கற பெரிய பலம். ஆனா தொகைக்கு ஒரு வரம்பு இருக்கு, கூடுதல் மதிப்பு சொல்லி அதுக்கு கூடுதல் சார்ஜ் கட்டலன்னா கட்டின கொரியர் சார்ஜ்ல 10 மடங்கு வரைக்கும் தான், அதுவும் நாம டிக்ளேர் பண்ண மதிப்புக்கு மேல போகாது. அதனால உங்க ரெண்டு பெட்டியும் ரெண்டு வேற கேஸ் மாதிரி. அஷ்டலட்சுமி ரசீதுல மதிப்பு காலியா இருக்கு, 460க்கு 10 மடங்குன்னா 4,600, உங்க பில்லே 3,800 தான், முழுசா கேக்கலாம். 3 தானே உடைஞ்சது மீதி 5 நல்லா இருக்கேன்னு குறைப்பாங்க, அது செட்டா தான் விக்கும் தனித்தனியா போகாதுன்னு எழுதுங்க, செஞ்சவங்ககிட்டயும் ஒரு கடிதம் வாங்கி வைங்க. தசாவதாரம் தான் கஷ்டம், அதுல 500னு இருக்கு, அதை அவங்க விடவே மாட்டாங்க.

அந்த ரசீதுல நீங்க கையெழுத்து போட்டீங்களா? இது முக்கியம். 1996ல ஒரு பின்னலாடை கம்பெனி கேஸ்ல, கையெழுத்து போட்ட கொரியர் ரசீதுல பொறுப்பு 100 டாலர் வரைக்கும் தான்னு இருந்ததை சுப்ரீம் கோர்ட்டு செல்லும்னு சொல்லிடுச்சு. நீங்க கையெழுத்தே போடாம, பில் காப்பியை பெட்டில ஒட்டியும் குடுத்திருக்கும்போது, கவுண்ட்டர்ல இருந்தவர் தானா போட்ட 500 உங்களை கட்டுப்படுத்தாதுன்னு வாதம் வைக்கலாம். ஜெயிப்பீங்கன்னு நான் எழுதி தர மாட்டேன், ஆனா வைக்கக்கூடிய வாதம்.

நோட்டீஸ் ஒரு பக்கம் போதும், ரசீது நம்பர், தேதி, என்ன பொருள், பில் மதிப்பு, என்ன ஆச்சு, எவ்வளவு வேணும், 15 நாள் டைம். கம்பெனியோட ரிஜிஸ்டர்டு ஆபீசுக்கும் நீங்க புக் பண்ண பிராஞ்சுக்கும் ரெண்டுக்கும் அனுப்புங்க. பதில் வரலன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுங்க, நெறைய கேஸ் அங்கேயே முடியுது. அதுவும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், புனேக்கோ மும்பைக்கோ போக வேணாம், ரெண்டு வருஷம் டைம் இருக்கு, உங்க அளவு தொகைக்கு பீஸும் கிடையாது. வியாபாரம் பண்றவங்க நுகர்வோர் இல்லன்னு எதிர்த்தரப்புல சொல்லுவாங்க, பொழைப்புக்காக சுயமா செய்யற தொழில்னா அது பொருந்தாதுன்னு சட்டத்துலயே விளக்கம் இருக்கு, நீங்க முதல் பதிவுல "வருமானமே இதுதான்"னு எழுதினீங்களே, அந்த வரியை நோட்டீஸ்லயும் போடுங்க.

ஓய்வு_தபால்:

அம்மா, நான் கடலூர்லயும் பாண்டில ரங்கப்பிள்ளை வீதி ஹெட் போஸ்ட் ஆபீஸ்லயும் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். வக்கீல் சார் சொன்ன சட்டம் தபாலுக்கு செல்லாது, அரசாங்கம் அதுல இல்லன்னு அவரே எழுதிட்டாரு. அடுத்த தடவை தபால்ல அனுப்ப யோசிச்சா இதை தெரிஞ்சிக்கோங்க.

1898ல வந்த தபால் சட்டத்துலயே, தொலைஞ்சாலும் லேட்டானாலும் அரசாங்கத்துக்கு பொறுப்பு இல்ல, விதில சொல்லியிருக்கற அளவுக்கு தான்னு இருந்துச்சு. 2023ல புது சட்டம் போட்டாங்க, 2024 ஜூன் 18லருந்து நடைமுறை, அதுலயும் அந்த பாதுகாப்பு அப்படியே இருக்கு. நான் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் சாதாரண ஸ்பீட் போஸ்ட் தொலைஞ்சா கட்டின சார்ஜ்ல ரெண்டு மடங்கு இல்ல 1,000 ரூபா, எது கம்மியோ அது. ஜனங்க கவுண்ட்டர்ல வந்து அழுவாங்க, உள்ள ஒரிஜினல் சர்டிபிகேட் இருந்துச்சு நகை இருந்துச்சும்பாங்க, எங்களால ஒன்னும் பண்ண முடியாது.

மதிப்புள்ள பொருளுக்கு இன்சூர் பண்ணி அனுப்பறது தான் வழி. நான் இருந்தப்ப தபால் துறையே நேரா நடத்தற ஆபீஸ்ல ஒரு லட்சம் வரைக்கும் இன்சூர் பண்ணலாம், கிராமத்து பிராஞ்ச் ஆபீஸ்ல 600 வரைக்கும் தான், அதனால இந்த மாதிரி பார்சலை பெரிய ஆபீஸுக்கு கொண்டு போங்க. மதிப்பை எண்ணாலயும் எழுத்தாலயும் பார்சல் மேல எழுதணும், அடிச்சு திருத்தக்கூடாது, அரக்கு சீல் வெக்கணும். நெறைய பேருக்கு அந்த சீல் எதுக்குன்னு தெரியாது, ஒட்டு இருக்கற இடத்துல எல்லாம் சீல் இருந்தா தான் நடுவுல யாரும் பிரிச்சாங்களான்னு தெரியும், அதே மாதிரி வெயிட்டையும் குறிச்சு வெப்போம், போய் சேரும்போது வெயிட் குறைஞ்சா அங்கேயே மாட்டிக்கும். உண்மை மதிப்புக்கு மேல இன்சூர் பண்ணாதீங்க, க்ளெய்ம் வரும்போது பில்லு கேப்பாங்க.

பெட்டி சேதமா வந்தா வாங்கறவங்க கையெழுத்து போடாம ஓபன் டெலிவரி கேக்கலாம், ஆபீஸ்லயே எல்லார் முன்னாடியும் பிரிச்சு என்ன இருக்கு என்ன இல்லன்னு பட்டியல் எழுதிடுவாங்க. இந்த ஒரு பேப்பர் இல்லாம நின்னு போன க்ளெய்ம் எத்தனையோ பாத்திருக்கேன். புகார் 1800 266 6868ல போடலாம், பதில் இல்லன்னா மத்திய அரசு குறைதீர் போர்ட்டல் பிஜி போர்ட்டல்ல போடுங்க, அங்க போட்டா மேலருந்து கேள்வி வரும்.

இன்னொன்னு, அந்த மண் பொம்மைங்களை ஒன்னோட ஒன்னு தொடாம தனித்தனியா சின்ன அட்டைல வெச்சு, அப்புறம் பெரிய பெட்டில வைங்கம்மா. வைக்கோல் எங்க காலத்து பழக்கம், இப்பவும் மண்ணுக்கு அதுதான் நல்லாருக்கு.

பொம்மைவீடு_கடலூர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிக்கும்போது கண்ணு கலங்கிடுச்சு. கஸ்டமர்கிட்ட கேட்டேன், வெளிப்பெட்டி இன்னும் பால்கனில இருக்காம், பேப்பர்காரனுக்கு போட எடுத்து வெச்சிருந்தாங்களாம், இப்ப 14 போட்டோ அனுப்பிட்டாங்க. அடி மூலை ஒன்னு முழுசா உள்ள போயிருக்கு, மேல நான் ஒட்டின "உடையும் பொருள்" ஸ்டிக்கர் தலைகீழா நிக்குது.

வக்கீல் சார், ரசீதுல நான் கையெழுத்து போடல. அங்க பிரிண்ட் எடுத்து கைல குடுத்தாங்க அவ்வளவு தான், கையெழுத்து கட்டமும் காலியா தான் இருக்கு. புக் பண்ணி இன்னைக்கு 31 நாள் ஆச்சு. நோட்டீஸ்ல ரெண்டு பெட்டிக்கும் சேர்த்து ஒன்னா எழுதலாமா, தனித்தனியா எழுதணுமா?

மஞ்சக்குப்பம்_வக்கீல்:

தனித்தனியா. ரெண்டு ரசீது, ரெண்டு நோட்டீஸ். 500 பிரச்சினை தசாவதாரத்தோட நிக்கட்டும், அஷ்டலட்சுமியை அதுல இழுக்க வேணாம். அனுப்பின ரசீதையும் டெலிவரி ஆன ப்ரூப்பையும் பத்திரமா வைங்க.

லாஸ்பேட்டை_டிஸ்பேட்ச்:

அக்கா, அந்த ஸ்டிக்கர் தலைகீழா இருக்கற போட்டோவை நோட்டீஸ்ல முதல் இணைப்பா வைங்க. அந்த புனே அம்மாகிட்ட பெட்டியையும் உடைஞ்ச துண்டுங்களையும் முடியற வரைக்கும் போட்டுடாதீங்கன்னு சொல்லுங்க, இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வந்தா காட்டணும்.

பொம்மைவீடு_கடலூர்:

சொல்லிட்டேன் தம்பி. கஜலட்சுமி தலையை அவங்க தனியா பருத்தி துணில சுத்தி பூஜை ரூம்ல வெச்சிருக்காங்களாம். நாளைக்கு காலைல ரெண்டு நோட்டீஸும் போஸ்ட் ஆபீஸ் போய் அனுப்பறேன், பதில் என்ன வந்தாலும் இங்கயே வந்து போடறேன்.