புதுப்பிப்பு: போலில் தலைகீழாகும்போது இடுப்பு எழும்பவில்லை, கை வழுக்குகிறது

போல் பயிற்சியில், அதாவது நிலைக்குத்தான உலோகக் கம்பத்தைப் பிடித்துச் செய்யும் உடற்பயிற்சியில், தலைகீழாகும்போது வரும் இந்த இரண்டு பிரச்சினையையும் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது. ஆறு கிழமை எடுத்தது.

இடுப்புக்குப் பலன் தந்தது, "காலை உதறி ஏறாதே, இறங்கிப் பழகு" என்ற ஆலோசனைதான். உதறினால் தோள் தளர்ந்தபடியே முழுப் பாரமும் அதில் தொங்கும். காயம் வருவதே அப்படித்தான். முதலில் தோள்பட்டையைக் கீழே இழுத்து இறுக்க வேண்டும், முழங்கை மடிந்தே இருக்க வேண்டும். முழங்கால்களை நெஞ்சுக்கு மடித்து, மேல் உடலைப் பின்னுக்குச் சாய்த்தால் இடுப்பு தானாக மேலே வரும். கால்களை விரிப்பது அதற்குப் பிறகுதான். ஏற முடியாத நாட்களில், பக்கத்தில் நிற்பவர் இடுப்பையும் மேல்முதுகையும் தாங்கி ஏற்றிவிட, ஐந்து விநாடி எண்ணி மெல்ல இறங்குவது. ஒரு பக்கத்துக்கு மூன்று தரம், இரண்டு பக்கமும். பலவீனமான பக்கத்தை விடவே கூடாது.

வழுக்கலுக்குத் திரவச் சோக் (கையை உலர வைக்கும் வெண்பொடித் திரவம்) கைக்கு, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போலைத் துடைக்க. கொழும்புப் புழுக்கத்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் முன் துடைக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்குத் தேங்காய் எண்ணெய், லோஷன் எதுவும் உடம்பில் படக்கூடாது.

எதிர்பாராதது ஏசி. வியர்வை குறைந்தது, ஆனால் போல் குளிர்ந்து தோல் பிடிக்கவே இல்லை. போலைக் கையால் தேய்த்துச் சூடாக்கிய பிறகே பிடி வந்தது.

போல் சுழலாதபடி பூட்டியிருக்க வேண்டும், கீழே தடித்த மெத்தை கட்டாயம். கை வழுக்கத் தொடங்கினால் உடனே முழங்காலை மடித்து இறங்குங்கள், இரண்டு கையையும் ஒன்றாக விடாதீர்கள்.