டிராலி பீமின் முனைக்கு வந்த நாள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பம்ப் பட்டறை, கோயம்புத்தூர்
இரண்டு டன் செயின் பிளாக், அதாவது சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவி. அதைத் தாங்கி மேலே இரும்பு பீமில் ஓடுவது கையால் தள்ளும் டிராலி. தொங்கியது லேத் இயந்திரத்தின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக். ஒரு டன்தான், எடைக்குப் பயமில்லை. நான்தான் தள்ளினேன். கண் முழுவதும் சுமையின் மேலேயே இருந்தது. "அண்ணா, சக்கரம்!" என்று பையன் அலறினான். நிமிர்ந்து பார்த்தால் முன் சக்கரத்தில் பாதி பீமுக்கு வெளியே நிற்கிறது. ஷெட்டை நீட்டியபோது முனையில் டிராலியைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரை வெட்டி எடுத்தவர்கள் திரும்ப வைக்கவே இல்லை. அலறிய பையன் அப்போது சுமைக்கு அடியில் மரக்கட்டை வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாகியும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

பராமரிப்புப் பிரிவு, ஓசூர்
எங்களுடையது மின்சாரத்தில் சுமை தூக்கும் ஹாய்ஸ்ட். வார்த்தெடுத்த உலோகத் துண்டு அதற்கு நேர் கீழே இல்லாமல் ஆறடி தள்ளிக் கிடந்தது. நேர் கீழே நகர்த்தி வைக்கச் சோம்பல்பட்டு, கொக்கியை மாட்டி, சாய்வாகவே இழுத்தார்கள். தரையை விட்டு எழும்பிய நொடியில் அது ஊஞ்சல் போல வீசி, பணிமேசையில் மோதியது. மேசையில் இருந்த டிபன் பாக்ஸ் தகடாகிப் போயிற்று. அதற்குரியவர் கை கழுவப் போயிருந்தார். ஹாய்ஸ்டின் ரோப்பும் அது சுற்றிக்கொள்ளும் டிரம்மின் பள்ளத்தை விட்டு விலகியிருந்தது. தகடான அந்தப் பாக்ஸை அவர் வெகுநேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு மறக்கவில்லை.

ஓய்வு பெற்ற ஃபோர்மேன்
முதலில் எழுதிய தம்பிக்கு: "எடைக்குப் பயமில்லை" என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். பிளாக் இரண்டு டன் தாங்கும், சுமையைக் கொக்கியில் மாட்டும் சிலிங்? இரண்டு கால் சிலிங்கில் ஒரு டன்னைத் தூக்கும்போது, கால்கள் கிடைமட்டத்துக்கு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 580 கிலோ விழும். 30 பாகைக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு ஒரு டன். என் கண்ணெதிரே ஒரு கால் அறுந்தது இப்படித்தான், யாருக்கும் அடியில்லை. டிராலி வாங்கும்போதே பீமின் அகலத்துக்கு ஏற்ப வாஷர்களை இருபுறமும் சமமாகப் போட்டீர்களா என்று பாருங்கள். இருபுறச் சக்கரங்களின் இடைவெளி அதிகமானால் சக்கரம் பீமின் விளிம்பை விட்டு இறங்கிவிடும். 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் கருவிகளைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஓசூர்க்காரரே, அது சோம்பல் அல்ல, மேற்பார்வை இல்லாமை. தொழிலாளியின் தலையில் கட்டாதீர்கள்.

பராமரிப்புப் பிரிவு, ஓசூர்
ஐயா, அன்று மேற்பார்வையில் இருந்தவனே நான்தான். அதனால்தான் எழுதினேன்.

மோட்டார் ரீவைண்டிங், திருப்பூர்
சான்றிதழ் எங்களிடமும் இருந்தது. பிளாக் கிறீச்சிடுகிறது என்று அக்கறையோடு எண்ணெய் விட்டேன். சுமைச் சங்கிலிக்கு எண்ணெய் வேண்டும், சரி. நான் மூடியைக் கழற்றி, உலர்ந்தே இருக்க வேண்டிய பிரேக் தட்டுக்கும் விட்டுவிட்டேன். மறுநாள் மோட்டாரைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சங்கிலியை விட்டதும், யாரும் தொடாமலே கைச்சங்கிலி கடகடவென்று ஓடத் தொடங்கியது. மோட்டார் தானாக இறங்குகிறது! எல்லோரும் விலகிவிட்டோம். ஆனால் அந்த ஓசையை இன்று எங்கே கேட்டாலும் என் கால்கள் தாமாகப் பின்வாங்குகின்றன.

பம்ப் பட்டறை, கோயம்புத்தூர்
ஃபோர்மேன் ஐயா, எடையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. சிலிங்கின் சாய்வை அன்று நான் பார்க்கவே இல்லை. இன்று காலை ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பீமின் மறுமுனையில் ஸ்டாப்பர் ஒரே போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு முனையும் சரியாகும்வரை அந்தப் பிளாக்கைப் பூட்டி வைத்திருக்கிறேன்.