காலி மும்மொழிக் கல்வெட்டில் சிங்களம் ஏன் இல்லை?

கேள்வி:

சென்ற மாதம் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே இலங்கையில் நிறுவிய, தென்கரைத் துறைமுக நகரான காலியில் கிடைத்த கல்வெட்டைப் பார்த்தேன். 1409ஆம் ஆண்டு நாளிட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. அன்று தென்னிலங்கையை ஆண்டவர்களின் மொழி சிங்களமாக இருக்க, அதை விட்டுவிட்டுத் தமிழில் பொறித்தது ஏன்? அங்கே தமிழர் ஆட்சி இருந்ததற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1:

ஆட்சிக்குச் சான்றாகக் கொள்ள இயலாது, நண்பரே. கல்வெட்டு மன்னரை நோக்கிப் பேசவில்லை. தெய்வங்களை நோக்கியே பேசுகிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவமாகிய தெனாவரை நாயினாரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் இஸ்லாமியப் பெரியோரையும் போற்றுகிறது. ஆகவே இவை ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல. ஆனால் 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று தொடரும் காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. மூன்று சமயத்தாரும் அருகருகே நின்று படிக்கக்கூடிய துறைமுகத்தில், எவருக்கும் குறைத்துக் கொடுத்ததாகப் பேச்சு எழக்கூடாது என்ற கணக்கு அதில் இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

தெனாவரை என்பது இலங்கையின் தென்முனையில் உள்ள இன்றைய தெவிநுவரை. 1344ஆம் ஆண்டில் அவ்வூருக்குச் சென்ற மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, அங்குள்ள பெருங்கோயிலையும் அதில் பணிபுரிந்த ஏராளமான பிராமணர்களையும் குறிப்பிட்டிருக்கிறார். சிங்கள பௌத்தர்கள் அதே தெய்வத்தை உபுல்வன் என்ற பெயரில் வழிபட்டனர். 1588இல் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்துவிட்டார்கள்.

மறுமொழி 2:

மேலே உள்ள விளக்கத்துடன் கடல் வணிகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்நாளில் இந்தியப் பெருங்கடலின் மேற்கிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களிடையே பாரசீகமும், சோழமண்டலக் கரையையும் இலங்கைத் துறைகளையும் இணைத்த வணிகத்தில் தமிழும் வழங்கின. தமிழ் வணிகர்களைச் சீனர் காலியில்தான் முதன்முதலாகக் கண்டார்கள் என்பதுமில்லை. சீனாவின் சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டு நாளிட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவன் திருமேனியை எழுந்தருளுவித்ததை அது சொல்கிறது.

இதைவிட என்னை அதிகம் ஈர்க்கும் செய்தி வேறொன்று. கல்வெட்டு நாளிடப்பட்ட 1409 பிப்ரவரியில் செங் ஹே இந்தியப் பெருங்கடலில் மேற்கொண்ட கடற்பயணங்களில் மூன்றாவது, அதாவது இந்தக் கல்லைக் கொண்டுவந்த பயணம், இன்னும் தொடங்கியிருக்கவில்லை. கல்லைச் சீனாவிலேயே செதுக்கிக் கப்பலில் ஏற்றி வந்தார்கள் என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. அப்படியானால் அந்தத் தமிழ் வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் ஒரு சீன நகரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்! அவர் பெயர் கல்லில் இல்லை.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. காணிக்கை அளிக்க வந்தவர்கள் அமைதியாகத் திரும்பினார்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:

இல்லை. அதே மூன்றாம் பயணத்தின்போது, தென்மேற்கில் அதிகாரம் செலுத்திய அழகக்கோனாருக்கும் செங் ஹேவுக்கும் போர் மூண்டது. சீனக் கப்பல்களைக் கொள்ளையிட அழகக்கோனார் படை அனுப்பியதாகவும், அவ்வேளையில் காவல் குறைந்திருந்த அவருடைய தலைநகரைச் செங் ஹே ஏறத்தாழ 2000 வீரர்களுடன் கைப்பற்றியதாகவும் அன்று சீனாவை ஆண்ட மிங் அரசின் குறிப்புகள் கூறுகின்றன. இது வென்றவர் தரப்புக் கதை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். 1411இல் அழகக்கோனார் குடும்பத்துடன் சீனாவின் நான்சிங் நகருக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்டார். பேரரசர் யோங்லே அவரைத் தண்டிக்காமல் விடுவித்தார்.

கல்லோ, 1911இல் காலியில் ஒரு பொறியாளர் கண்ணில் படும்வரை, எழுத்துப் பக்கம் கீழே இருக்குமாறு ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. மூன்றில் பாரசீகப் பகுதியே மிகவும் தேய்ந்திருக்கிறது. சீனப் பகுதியைத்தான் நன்றாகப் படிக்க முடிகிறது.