மேம்பாலத்தில் காரை நிறுத்துவது அவநம்பிக்கையா?

கேள்வி:

வேளச்சேரியில் தரைத்தள வீடு. 2015 வெள்ளத்திற்கு அடுத்த வருடம், விலை படிந்தது என்று வாங்கினோம். ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரு சண்டையும் கூடவே பிறக்கும். வானிலை அறிக்கையைக் கேட்டதும் அரிசி டின்னைப் பரணில் ஏற்றுகிறவள் நான். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்கிறவர் என் கணவர். மாமியாருக்கோ நான் வாயைத் திறந்தாலே பயம்: "ததாஸ்து தேவதைகள் மேலே போய்க்கொண்டிருப்பார்கள், நல்ல வார்த்தை சொல்லம்மா."

2023 டிசம்பர் 3, ஞாயிறு இரவு. மிக்ஜாம் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. காரை மேம்பாலத்தில் விட்டுவிட்டு வாருங்கள் என்றேன். "வாசல்படி வரை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். விடிந்தபோது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தண்ணீர். வடிந்த பிறகாவது சும்மா இருந்தாரா? "ஸ்டார்ட் ஆகிவிடும் பார்" என்று சாவியைத் திருப்பினார். ஒரு சத்தம் கேட்டது. பழுதுபார்த்த செலவு 1,40,000 ரூபாய்.

ஆகவே 2024 அக்டோபரில் நான் யாரையும் கேட்கவில்லை. 16-ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றார்கள். முன்கூட்டியே காரை மேம்பாலத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். வரிசையில் இடம் கிடைத்ததே பெரிது. அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, இல்லை என்று போலீசாரே சொன்ன கூத்தும் நடந்தது. ஆறு பாக்கெட் பால், நான்கு ரொட்டி, மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கினேன். 15-ஆம் தேதி மழை கொட்டியது உண்மை. ஆனால் எல்லாரும் அஞ்சிய 16-ஆம் தேதி பெரிதாக ஒன்றும் இல்லை. தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரை கடந்துவிட்டது. மிஞ்சிய ரொட்டியை மூன்று நாள் உப்புமாவாகக் கிளறினேன். அதற்கு என் கணவர் வைத்த பெயர் "சிவப்பு எச்சரிக்கை உப்புமா". இன்றுவரை உறவினர் வீடுகளில் அந்தக் கதை ஓடுகிறது.

கெட்டதையே எதிர்பார்ப்பது ஒரு வியாதியா? நீங்களே சொல்லுங்கள்.

பதில் 1 (கிண்டியில் கார் பட்டறை வைத்திருப்பவர்):

சகோதரி, மற்றதை விடுங்கள், அந்தச் சாவியைப் பற்றிச் சொல்கிறேன். நின்ற வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால் சீட், ஒயரிங் போகும். பெரும்பாலும் இன்ஜினைக் காப்பாற்றிவிடலாம். ஸ்டார்ட் செய்தால்தான் ஆபத்து. ஏர் ஃபில்டர் வழியாக ஏறிய தண்ணீர் சிலிண்டருக்குள் நிற்கும். காற்றைப்போல் அது அமுங்காது. பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீங்கள் கேட்ட சத்தம் அதுவாகத்தான் இருக்கும். இன்ஜினுக்கென்று தனியாகக் கூடுதல் பாலிசி எடுக்காதவர்களுக்கு இந்தச் சேதத்திற்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் கடினம். அந்த டிசம்பரில் என் பட்டறைக்கு வந்தவர்களில் பலர் "ஒருமுறை முயன்று பார்த்தேன்" என்றார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்து வந்தவர்களுக்குச் செலவு குறைவு. உங்கள் கணவரிடம் காட்டுங்கள்.

பதில் 2:

வேளச்சேரியில், அதுவும் 2016-இல், தரைத்தள வீடு வாங்கிய உங்களை அவநம்பிக்கைக்காரர் என்று யார் சொன்னது?

பதில் 3 (மடிப்பாக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை):

நானும் உங்கள் கட்சிதான். 2015-க்குப் பிறகு மழைக்காலம் முழுவதும் ரேடார் படத்தை நாற்பது தடவை பார்ப்பேன். சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சு. ஒருநாள் பகலில் சும்மா இடி இடித்தது. ஐந்து வயதுப் பேத்தி ஒன்றும் பேசாமல் தன் புத்தகப்பையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு செருப்பை வைத்தாள். பிறகு பொம்மையை. அதைப் பார்த்ததிலிருந்து சாமான்களை ஏற்றுகிறேன். வாயை மூடிக்கொண்டு ஏற்றுகிறேன். ரொட்டி வீணானதில் தவறே இல்லை அம்மா. அதை வாங்கும்போது வீட்டில் என்னென்ன பேசினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. தண்ணீர் உள்ளே வந்த பிறகு உங்கள் கணவர் என்ன செய்தார்? அதை நீங்கள் எழுதவில்லையே.

கேள்வி கேட்டவர்:

ஆசிரியை அம்மா சரியான இடத்தில் பிடித்துவிட்டார்கள். எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான்.

மாடி வீட்டில் ஆறு குடும்பங்கள் ஒடுங்கியிருந்தோம். மின்சாரம் இல்லை. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, போன பொருள்களின் விலையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எங்கள் கேஸ் சிலிண்டரை மிதக்கவிட்டே தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் கடுங்காப்பி. மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருந்தது. படகில் வந்த பையன்களிடம் மருந்துச் சீட்டைக் கொடுத்தனுப்பி, "வந்துவிடும் அம்மா, வந்துவிடும்" என்று மாலை வரை சொல்லிக்கொண்டே இருந்தார். வந்தது. வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. அவரும் யோசித்திருக்க மாட்டார்.

பட்டறைக்காரர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்படியானால் சாவியை நீயே வைத்துக்கொள்" என்றார். வைத்துக்கொண்டேன். அரிசி டின்னுக்குப் பக்கத்தில், பரணில்.