மறு: கழன்று தொங்கும் இணைப்பிக்கு என்ன பெயர்?

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஒயரிங்குக்கு நாம் போடும் சொற்பட்டியலில், கழன்று தொங்கும் இணைப்பிக்கு (ஒயர் முனையில் மாட்டிக் கழற்றும் பாகம்) என்ன பெயர் வைப்பது, அதற்கு என்ன விளக்கம் எழுதுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> "துண்டிக்கப்பட்ட இணைப்பி" என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு மாதிரி புரியும். துண்டிப்பது என்றால் வெட்டுவது. படிக்கிறவர் அறுந்த ஒயரைத் தேடிக்கொண்டிருப்பார். இங்கே ஒயர் முழுசாகத்தான் இருக்கிறது, அதன் முனைதான் மாட்டவேண்டிய இடத்தில் இல்லை. "கழன்ற இணைப்பி" போதும் என்பது என் கட்சி. அதிர்வில் தானாக வந்ததோ, யாரோ கழற்றிவிட்டு மாட்ட மறந்ததோ, இரண்டுக்கும் பொருந்தும்.

ஆனால் தொங்குகிற எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரை வைக்கக் கூடாது. பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்தால் எதிலும் மாட்டாத இணைப்பி ஒன்றிரண்டு இருப்பது சகஜம். ஒரே கம்பிக்கொத்தை (சேர்த்துக் கட்டிய ஒயர்களின் தொகுப்பு) பல நாட்டு மாடல்களுக்கும் பொதுவாகச் செய்திருப்பார்கள். ஏசி இல்லாத வண்டியில் ஏசிக்கான முனை சும்மா கிடக்கும். இது "உபரி இணைப்பி". பழுது பார்க்கும்போது மீட்டரையோ கருவியையோ மாட்டுவதற்கென்றே திறந்து விட்டிருப்பது "சோதனை இணைப்பி". மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால், படிக்கிறவர் உபரியைக் கொண்டுபோய் எங்கேயாவது அழுத்தி மாட்டிவிடுவார்.

எது எது என்று கண்டுபிடிக்கும் வழியையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். உபரியைப் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே கொத்தோடு மடக்கி டேப் சுற்றியிருப்பார்கள், அல்லது மூடி போட்டிருப்பார்கள். அண்மையில் கழன்றதன் உள்ளே பின்கள் (ஊசி போன்ற முனைகள்) பளிச்சென்று இருக்கும், வெளிக்கூடு மட்டும் அழுக்கு. கிளை ஒயர் எவ்வளவு தூரம் இயல்பாக எட்டுகிறதோ, அதன் ஜோடி அந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். கடைசியாக ஒயரின் நிறத்தை ஒயரிங் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் ஓபிடி-2 (எந்த வண்டியின் பழுதையும் ஒரே ஸ்கேனரில் படிக்கவிடும் பொது முறை) கட்டாயமானதே 1996 மாடல்களிலிருந்துதான். அதற்கு முந்தைய வண்டிகளில் பொதுவான ஸ்கேனர் உதவாது என்பதால் கண்ணும் மல்ட்டிமீட்டரும்தான் துணை.

> கப்ளர் என்று சொல்லாத மெக்கானிக் உண்டா?

இல்லை. முதல் இடத்தில் "இணைப்பி, அதாவது கப்ளர்" என்று எழுதிவிட்டு அப்புறம் இணைப்பி என்றே தொடரலாம். "இணைப்பு" என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். அது வேலையின் பெயர், பொருளின் பெயர் அல்ல.

> வேக உணரி: இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. போர்ஷே 944 காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எஞ்சினுக்குப் பின்னால், ஃபிளைவீலை (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான பற்சக்கரம்) பார்த்தபடி இரண்டு உணரிகள், அதாவது சென்சார்கள், இருக்கும். ஒன்று ஃபிளைவீலின் பற்களை எண்ணுகிறது. மற்றது ஒரு சுற்றுக்கு ஒருமுறை கடந்துபோகும் சிறு திருகைப் பார்த்து எஞ்சினின் கிராங்க் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறது. முதலாவதை வெறுமனே "வேக உணரி" என்றால் ஸ்பீடோமீட்டருக்கானது என்று நினைத்து கியர்பாக்ஸ் பக்கம் போய்விடுவார்கள். ஆகவே "எஞ்சின் சுழற்சி உணரி", "குறி உணரி" என்று முன்மொழிகிறேன். இதில் இன்னொரு வம்பு: இரண்டின் இணைப்பிகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில். மாற்றி மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எதுவுமே கழன்றிருக்காது, எல்லாம் மாட்டித்தான் இருக்கும். இதற்கும் ஒரு பெயர் வேண்டும்: "இடம் மாறிய இணைப்பி".

வெப்பநிலை விஷயத்தில் குழப்பம் இதைவிட அதிகம். குளிர்விப்பு நீரின் சூட்டை அறிய பல பழைய வண்டிகளில் மூன்று தனித்தனிப் பாகங்கள் உண்டு. எஞ்சின் கணினிக்குச் சொல்வது ஒன்று, டேஷ்போர்டு முள்ளுக்குச் சொல்வது ஒன்று, ரேடியேட்டர் விசிறியை ஓட்டும் சுவிட்ச் ஒன்று. கழன்றால் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். கணினிக்கான உணரியில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். அது கழன்றால் தடை முடிவிலி. அந்தக் காலக் கணினிகள் பலவும் எஞ்சின் உறைகுளிரில் இருப்பதாக நம்பி, சூடான எஞ்சினுக்கும் பெட்ரோலை ஊற்றும். கரும்புகை வரும். முள்ளுக்கானது கழன்றால் ஓட்டத்தில் மாற்றமே தெரியாது, பெரும்பாலும் முள் மட்டும் அடியிலேயே கிடக்கும். மூன்றாவது கழன்றால் பெரும்பாலான வண்டிகளில் விசிறி சுற்றாது. அதனால் தகவல் யாருக்குப் போகிறது என்பது பெயரிலேயே இருக்கட்டும்: "கணினி வெப்ப உணரி", "முள் வெப்ப உணரி", "விசிறி வெப்ப சுவிட்ச்". கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

"குளிர்நீர் உணரி" வேண்டவே வேண்டாம். அந்த நீர் 90 டிகிரியில் ஓடுகிறது.

அதேபோல டர்போ இல்லாத 944-இன் த்ராட்டிலில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) இருப்பது உணரியே அல்ல. முழுதும் மூடியதையும் முழுதும் திறந்ததையும் மட்டும் சொல்லும் இரண்டு தொடுமுனைகள். "த்ராட்டில் சுவிட்ச்" என்றே எழுதுவோம்; இடைநிலைகளையும் அளக்கும் வண்டிகளுக்கு "த்ராட்டில் நிலை உணரி".

பட்டியலில் யாரோ கம்பிக்கொத்துக்கு, 'ஹார்னெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து, "சேணம்" என்று போட்டிருக்கிறீர்கள். குதிரையை இறக்கிவிடுங்கள், தயவுசெய்து.

ஒன்று மட்டும் பாக்கி. ஆண் இணைப்பி, பெண் இணைப்பி என்பதில் எது எது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பின்னை வைத்துச் சொல்பவர் ஒரு பக்கம், வெளிக்கூட்டை வைத்துச் சொல்பவர் மறுபக்கம். நான் "கொத்துப் பக்கம்", "உணரிப் பக்கம்" என்று எழுதியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் வரைபடத்தில் பெயர் ஏற்றுவதற்கு முன் சொல்லுங்கள்.