பதில்: 'தனிமைச் சிறை'யும் அதனால் வரும் மனப் பாதிப்பும் – சொல் தேவை

> சாலிட்டரி கன்ஃபைன்மென்ட்டுக்குத் தனிமைச் சிறை இருக்கிறது, போதும். அதனால் வருவதைத் 'தனிமை நோய்' என்று வைத்துவிடலாமே?

நண்பர்களே,

தனிமை நோய் வேண்டாம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட, ஃபிளாட்டில் டிவியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் தனிமைதான். ஏகாந்தம் அதைவிட மோசம், அது துறவி தேடிப் போவது. தனிமைப்படுத்தல் 2020-லேயே கொரோனாவுக்குப் போய்விட்டது, இப்போது அதைச் சொன்னால் தகரம் அடித்த தெருதான் ஞாபகம் வரும்.

முதலில் சாலிட்டரி கன்ஃபைன்மென்ட்டுக்கே, அதாவது கைதியை யாரோடும் பழகவிடாமல் தனியாகப் பூட்டிவைப்பதற்கே, நான் சொல்வது தனியடைப்பு. 'புழல் சிறையில் அடைத்தனர்' என்று தினமும் பேப்பரில் படிக்கிறோம், அந்த 'அடை'தான். அடைக்க ஒருவர் வேண்டும், அடைபட ஒருவர் வேண்டும், அந்த முதல் ஆளைத் 'தனிமை' மறைத்துவிடுகிறது.

இதை நான் வலியுறுத்தக் காரணம், சிறை நிர்வாகங்கள் இதற்கு எப்போதும் வேறு பேர் வைத்துத் தப்பித்துக்கொள்வதுதான். கலிஃபோர்னியாவில் 1989-ல் திறந்த பெலிகன் பே சிறையில் இதற்குப் 'பாதுகாப்புக் குடியிருப்புப் பிரிவு' (Security Housing Unit, SHU) என்று பேர் வைத்தார்கள், கைதிகள் சுருக்கி 'ஷூ' என்பார்கள். குடியிருப்பாம்! ஜன்னல் இல்லாத அறை, பொடிப்பொடியாகத் துளை போட்ட இரும்புக் கதவு, கதவில் உள்ள சின்னத் திறப்பு வழியே சாப்பாடு, ஒரு நாளில் இருபத்திரண்டரை மணி நேரம் உள்ளேயே. 2011 வாக்கில் அங்கே பத்து வருடத்துக்கு மேல் இப்படிக் கிடந்தவர்கள் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல். நம் ஊரும் சளைத்ததில்லை. தூக்குத் தண்டனை பெற்ற சுனில் பத்ராவைத் திகாரில் தனியாகப் பூட்டிவைத்துவிட்டு, இது அந்தத் தண்டனையே இல்லை, 1894-ஆம் வருடச் சிறைச் சட்டப்படி பிரித்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் என்று வாதாடினார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, தனியடைப்பு தனியொரு தண்டனை, அதை விதிக்க நீதிமன்றத்தால்தான் முடியும் என்றது.

சரி, பாதிப்புக்கு என்ன பெயர்? ஸ்டூவர்ட் கிராசியன் என்ற மனநல மருத்துவர் மாசசூசெட்ஸின் வால்போல் சிறைக் கைதிகளைப் பரிசோதித்து 1983-ல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. அவர் கண்டதில் என்னை உலுக்கியது சத்தம். மேல் தளத்தில் யாரோ குழாயைத் திறக்க, பைப்பில் தண்ணீர் ஓடும் ஓசை கீழே இருப்பவரால் தாங்க முடியாததாகிவிடுகிறது. அப்புறம் பிரமைகள், திடீர்ப் பீதி, யோசனை கோவையாக ஓடாமல் போவது, தன்னையே வெட்டிக்கொள்வது. பெலிகன் பேயில் நூறு கைதிகளிடம் உளவியலாளர் கிரெய்க் ஹேனி பேசியபோது எழுபது சதவீதம் பேர் தாங்கள் உடைந்துபோகும் நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள், நாற்பத்தொரு சதவீதம் பேருக்கு இல்லாததெல்லாம் தெரிந்தது, கேட்டது. இதை அங்கே 'ஷூ சிண்ட்ரோம்' என்கிறார்கள்.

சிண்ட்ரோமுக்கு நோய்க்குறித்தொகுப்பு என்று போடலாம்தான், ஆனால் மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் இது தனி நோயாக இல்லை. தவிர, 'நோய்' என்றதும் கைதியிடம்தான் ஏதோ கோளாறு என்றாகிவிடும். 'சிதைவு' என்றால் மனச்சிதைவோடு குழம்பும், அது ஏற்கெனவே ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு. ஆகவே தனியடைப்புத் தாக்கம்.

———

தம்பி, தாக்கம் சரி. ஆனால் தனியடைப்பு பாட்டில் மூடி மாதிரி இருக்கிறது. 'தனிக்கொட்டடி' எவ்வளவு காலமாகப் புழங்குகிறது, உள்ளே இருந்து வந்தவர்கள் எழுதுகிற சொல் அதுதானே. புழக்கத்தில் உள்ளதை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்வானேன்?

———

ஐயா, கதை எழுதினால் நானும் கொட்டடிதான் எழுதுவேன். ஆனால் கொட்டடி அறையின் பெயர். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-ல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள் இதை வரையறுக்கும்போது அறையைப் பற்றிப் பேசவே இல்லை, ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்துவைப்பது என்றுதான் வரையறுக்கின்றன. தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் 'நீடித்த' என்ற அடைமொழியும் சேரும், அதை விதிகள் தடைசெய்கின்றன. அறை ஏசி போட்டு வெளிச்சமாக இருந்தாலும் இது பொருந்தும், அதைக் கொட்டடி என்றால் 'எங்களிடம் கொட்டடியே இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். 'நீடித்த தனியடைப்பு' என்பது உட்காருகிற மாதிரி 'நீடித்த தனிக்கொட்டடி' உட்காரவும் இல்லை.

இன்னொன்று, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நம் பாரதிய நியாய சன்ஹிதா 11, 12-ஆம் பிரிவுகளில் இந்தத் தண்டனை இன்னும் இருக்கிறது, மொத்தம் மூன்று மாதத்துக்கு மிகாமல், ஒரே தடவையில் 14 நாளுக்கு மிகாமல். அதனால் வக்கீல்களும் பயன்படுத்துகிற மாதிரி சொல் அமைய வேண்டும்.

இணைய அகராதியான விக்சனரியில் தனியடைப்பைத் தலைச்சொல்லாகவும், தனிக்கொட்டடி, தனிமைச் சிறை இரண்டையும் வழக்குச் சொற்களாகவும் ஏற்றலாம் என்றிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், 'பொருளுள்ள மனிதத் தொடர்பு' என்பதற்கு இதைவிட நல்லது கிடைத்தால் அதையும்.