மறு: மரபணு வெளிப்பாடு குறைவதற்கு ‘ஒடுக்கம்’ சரியா?

> டவுன்-ரெகுலேஷனுக்குக் ‘கீழ்நெறிப்படுத்தல்’ வாயில் நுழையவில்லை. ‘ஒடுக்கம்’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா.

‘ஒடுக்கம்’ வேண்டாம். புளூபெர்ரிச் சாற்றை வைத்துச் செய்யும் சோதனை ஒன்றையே பாருங்கள். ரா 264.7 என்னும் சுண்டெலி மேக்ரோஃபேஜ் (நோயெதிர்ப்பு) செல்களுக்குச் சாறு கொடுத்து, பிறகு கழுவி, அழற்சியைத் தூண்ட மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் பொருள்) சேர்க்கிறோம். 4 மணி நேரம் கழித்து ஆர்.என்.ஏ. எடுத்து ஐஎல்-6, ஐஎல்-1 பீட்டா என்னும் அழற்சி மரபணுக்களின் வெளிப்பாட்டை அளக்கிறோம். சாறு செல்லைக் கொல்லவில்லை என்று காட்ட எம்டிடி சோதனையும் உண்டு. உயிருள்ள செல் எம்டிடி உப்பை ஊதாவாக்கும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் சாற்றின் பாலிஃபீனால்கள் செல்லே இல்லாத குழியிலும் எம்டிடி உப்பை ஒடுக்கி ஊதாவாக்கிவிடும். செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். (சாறு மட்டும் உள்ள குழி ஒன்று கட்டாயம் வேண்டும்.) இது வேதியியல் ஒடுக்கம் (ரிடக்‌ஷன்). அடுத்த வரியிலேயே ‘மரபணு ஒடுக்கம்’ என்று எழுதினால் மாணவர் என்ன புரிந்துகொள்வார்? ‘தாழ்த்தல்’ என்றாலும் இதே சிக்கல்தான். இலங்கைப் பாடநூல்களில் ரிடக்‌ஷனுக்கு அதுதான் சொல்.

என் பரிந்துரை ‘தணிவு’. அழற்சியில் அழல் இருக்கிறது, அழல் தணியும். மரபணு வெளிப்பாட்டை அளக்கும் கியூபிசிஆரில் ஒவ்வொரு சுழற்சியிலும் நகல் இரட்டிப்பாகும்; ஒப்பீட்டு மரபணு அசையாதிருக்க, ஐஎல்-6 சுழற்சி எண் 22இலிருந்து 24 ஆனால் வெளிப்பாடு கால்வாசியாகிறது. கால்வாசி மிஞ்சியிருக்கும்போது ‘முடக்கம்’ என்பது தவறு.

---

> என் பரிந்துரை ‘தணிவு’.

வழிமொழிகிறேன். வினையாக்கும்போதுதான் இதன் அருமை தெரிகிறது: மரபணு *தணிந்தது*, சாறு *தணித்தது*. ஆர்.என்.ஏ. குறைந்ததை மட்டும் பார்த்தவர் ‘தணிந்தது’ என்றே எழுத வேண்டும். கழுவாமல் எல்பிஎஸ் சேர்த்திருந்தால் சாறு அதையே பற்றிக்கொண்டு செல்லை எட்டவிடாமல் செய்திருக்கலாம். அழற்சி மரபணுக்களை இயக்கும் பி65 புரதத்தைக் கட்டிவைக்கும் ஐகப்பாபி சிதையாமல் நின்றது, பி65 உட்கருவுக்குள் போகவில்லை என்று காட்டியவர் ‘தணித்தது’ என்று எழுதட்டும்.

ஒப்பீட்டு மரபணு அசையாதிருக்க என்றீர்களே, வழக்கமாக அதற்கு வைக்கும் ஜிஏபிடிஎச்சை மட்டும் நம்பாதீர்கள். எல்பிஎஸ் பட்ட மேக்ரோஃபேஜில் கிளைக்கோலிசிஸ் (குளுக்கோஸ் சிதைவு) ஏறும்போது அதுவும் ஏறக்கூடும். இரண்டு மரபணுக்களாவது வைப்பது நல்லது.

எதிர்ச்சொல்லான அப்-ரெகுலேஷனுக்குக் ‘கிளர்வு’ என்று முதலில் தோன்றியது. ஆனால் வேதியியலில் ‘கிளர்வு ஆற்றல்’ முன்பே இருக்கிறது. ‘முடுக்க’மோ இயற்பியலுக்குப் போய்விட்டது. ‘உயர்வு’ போதும்: உயர்ந்தது, உயர்த்தியது.